கம்ஸிகிராட்: இந்தப் பட்டிக்காட்டில் ஒரு சக்கரவர்த்திக்கு என்ன வேலை?

வாசகர் கேள்வி, ஜனவரி 9

செர்பியாவின் கிழக்குக் கோடியில் கம்ஸிகிராட் என்று ஒரு குக்கிராமம். அங்கே இருப்பது ரோமானியப் படைமுகாம் என்று ஒரு பழைய பயணக் குறிப்பில் படித்தேன், இன்னொருவர் அரண்மனை என்கிறார். வரைபடத்தில் பார்த்தால் வயல், நாலு தெரு, ஒரு சின்ன ஆறு, அவ்வளவுதான். டான்யூப் கரையும் இல்லை, பெரிய நகரமும் பக்கத்தில் இல்லை. இங்கே போய் எந்த ராஜா அரண்மனை கட்டுவான்? முகாம்தான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

ஜனவரி 9, இரவு

மறுக்கிறேன். முகாம் இல்லை, அரண்மனைதான், கட்டியவர் கலேரியுஸ் என்ற ரோமானியச் சக்கரவர்த்தி. 1984ல் அகழாய்வில் ஒரு வளைவுக் கல் கிடைத்தது. அதில் இலைமாலைக்கு நடுவே 'ஃபெலிக்ஸ் ரோமுலியானா' என்று பொறித்திருந்தது. ரோமுலா என்பது அவருடைய அம்மா பெயர். அன்றோடு முகாம் கட்சி தோற்றது. யுனெஸ்கோ 2007ல் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்த்தபோதும் 'கலேரியுஸின் அரண்மனை' என்றுதான் எழுதினார்கள். மீதியை நாளைக்கு எழுதுகிறேன், கண் சொருகுகிறது.

ஜனவரி 10

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேள்வியே இடத்தைப் பற்றியது. "வயல், நாலு தெரு, சின்ன ஆறு" என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்வது சுலபம்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு செர்பியாவில் விசா வேண்டாம் என்றிருந்த காலத்தில் (2022 முடிவோடு அதை நிறுத்திவிட்டார்கள்) நான் பெல்கிரேடிலிருந்து பஸ்ஸில் போனேன். பராச்சின் வரை நெடுஞ்சாலை, தூங்கலாம். அங்கே கிழக்கே திரும்பியதும் தூங்கக் கூடாது. மலை ஏறி இறங்கி பொல்யெவாட்ஸ் பக்கம் வரும்போது வலது பக்கம் ரிதாஞ் மலை தெரியும். 1,565 மீட்டர், ஒரு கோணத்திலிருந்து பார்த்தால் யாரோ அளவெடுத்துக் கட்டிய பிரமிடு மாதிரியே இருக்கும். வேற்றுக்கிரகவாசிகள் கட்டியது என்று நம்புகிற ஒரு கூட்டமே உண்டு. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெரியவர் அதைக் காட்டி ஏதோ ரொம்ப நேரம் சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

அந்த மலைகளுக்கு அப்பால் புறப்படும் கறுப்பு திமோக் ஆறு சாலையை விட்டு விலகியும் ஒட்டியும் கிழக்கே வருகிறது. ஸாயெச்சார் நகரத்தில் வெள்ளை திமோக்கோடு சேருகிறது. சேர்ந்த ஆறு வடக்கே ஓடி, கடைசிக் கொஞ்ச தூரம் பல்கேரியாவுக்கும் செர்பியாவுக்கும் எல்லையாகவே நின்று, டான்யூபில் விழுகிறது. கம்ஸிகிராட், ஸாயெச்சாருக்கு மேற்கே சுமார் 11 கிலோமீட்டர். சுற்றிலும் தாழ்ந்த குன்றுகள், நடுவே அகலமான, விளைச்சல் நிலம். அரண்மனை இடிபாடு ஊருக்கு வெளியே கொஞ்சம் தள்ளி நிற்கிறது.

ஆக, மலைப்பாதை முடிந்து சமவெளி திறக்கும் இடம். உள்நாட்டிலிருந்து டான்யூபுக்குப் போகிற தண்ணீர் வழி. தூரத்தில் இல்லை, உள்ளே ஒதுங்கி இருக்கிறது, அவ்வளவுதான். எல்லை ஆற்றங்கரையில் வீடு கட்டினால் எதிர்க்கரைக்காரன் வந்து கதவைத் தட்டுவான் என்பது அந்தக் காலத்து ரோமானியனுக்கு நன்றாகவே தெரியும்.

ஜனவரி 10, பிற்பகல்

"அங்கே சுரங்கம் இருக்கிறதே, அதற்குக் காவல் முகாமாக இருக்கலாமே" என்று ஒருவர். அது நல்ல கேள்வி, பின்னால் வருகிறேன். ஆனால் அவர் "வடக்கே போர் இருக்கிறது" என்று எழுதியதைப் பார்த்து இன்னொருவர் பதறிப்போய் பயண எச்சரிக்கை கேட்டிருக்கிறார். ஐயா, போர் என்பது ஊர்ப் பெயர். 1903லிருந்து செம்பு தோண்டுகிறார்கள். சண்டை எதுவும் இல்லை, தைரியமாகப் போய் வாருங்கள்.

ஜனவரி 12

முகாம் என்று நினைத்தவர்களைக் குறை சொல்லவே மாட்டேன். வாசலில் நின்று பார்த்தால் எனக்கும் கோட்டை என்றுதான் தோன்றியது. பருமனான கோபுரங்கள், செங்கல் வரிசையும் கல் வரிசையும் மாறி மாறி வைத்த மதில். உள்ளே பத்து ஏக்கருக்கு மேல். தத்துவ அறிஞர் ஹெர்டருடைய மகன் ஒரு சுரங்க நிபுணர். செர்பிய இளவரசர் மிலோஷ் அழைப்பில் 1835ல் நாட்டைச் சுற்றியபோது அவர் இதைப் பார்த்து எழுதினார். 1860களில் ஃபெலிக்ஸ் கானிட்ஸ் என்ற பயண எழுத்தாளர் வந்து படம் வரைந்து வைத்தார். இவர்கள் யாருக்கும் உள்ளே என்ன புதைந்திருக்கிறது என்று தெரிய வழியில்லை. மண்வெட்டி இறங்கியது 1953ல்தான்.

தோண்டியபோது நிலைமை மாறியது. படைவீரன் குடியிருப்புக்கு மொசைக் தரை எதற்கு? திராட்சை மதுவின் கடவுள் தியோனிசோஸ் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் மொசைக், சுழல்வழி மொசைக், வேட்டைக் காட்சி எல்லாம் வந்தன. வடக்குப் பகுதியில் அரண்மனையும் ஒரு சின்னக் கோயிலும், தெற்கே பெரிய கோயில், குளியல் கூடம், தானியக் களஞ்சியம். 1970லிருந்து பொறுப்பேற்றவர் த்ராகொஸ்லாவ் ஸ்ரேயோவிச். டான்யூப் கரையில் லெபென்ஸ்கி வீர் என்ற கற்கால மீனவர் குடியிருப்பைத் தோண்டி உலகப் புகழ் பெற்ற அதே ஆள். ஒரு மனிதருக்கு வாழ்நாளில் ஒரு பெரிய கண்டுபிடிப்பு வாய்ப்பதே அபூர்வம். இவருக்கு இரண்டு.

மதிலில் ஒரு வேடிக்கை உண்டு, பலரும் கவனிக்காமல் நடந்துவிடுகிறார்கள். அது ஒரு மதில் இல்லை, இரண்டு. முதலில் ஒரு மதிலைக் கட்டியிருக்கிறார்கள், பிறகு அதை ஒட்டி வெளியே இன்னும் பெரிய கோபுரங்களோடு இரண்டாவது. பழையதை இடிக்கவும் இல்லை. கி.பி. 293ல் கலேரியுஸ் இளைய ஆட்சியாளர், பட்டம் சீசர். 305ல் மூத்தவர், பட்டம் அகஸ்டஸ். பதவி உயர்ந்ததும் வீட்டுச் சுவரும் உயர்ந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் விளக்குகிறார்கள். எனக்கு இது ரொம்பப் பொருத்தமாகப் படுகிறது. பிரமோஷன் வந்ததும் கேட்டை மாற்றுகிறவர்களை நாம் பார்த்ததில்லையா.

ஜனவரி 13

இப்போது ரோமுலா.

இந்த அம்மாவைப் பற்றி நமக்குக் கொஞ்சம் விவரம் கிடைப்பதே அவளை வெறுத்த ஒருவர் எழுதிவைத்ததால்தான். லாக்டான்ஷியஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், கலேரியுஸ் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தியதால் அவர் குடும்பத்தையே சாடுகிறார். அவர் சொல்வது: ரோமுலா டான்யூபுக்கு அந்தப் பக்கத்துப் பெண், கார்ப்பி என்ற இனத்தார் தாக்கியபோது ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் தப்பி வந்தவள், மலைத் தெய்வங்களைக் கும்பிடுகிறவள், அனேகமாகத் தினமும் படையல் போட்டு ஊரைக் கூட்டி விருந்து வைப்பாள், அந்த விருந்துக்குக் கிறிஸ்தவர்கள் வராமல் உபவாசம் இருந்ததால் கோபப்பட்டு மகனைத் தூண்டிவிட்டாள்.

கடைசிப் பகுதியை நான் அப்படியே நம்பவில்லை, எதிரி எழுதியது. ஆனால் மற்றதில் பொய் சொல்லி அவருக்கு என்ன லாபம்? 'காட்டுமிராண்டிப் பெண்' என்று இழிவுபடுத்த எழுதிய விவரங்களை இன்று நாம் படிக்கும்போது வேறு ஆள் தெரிகிறாள். ஆற்றைக் கடந்து வந்த அகதி. புது ஊரில் கோயில் கொண்டாடி, ஊருக்குச் சோறு போட்டு, தனக்கென்று ஒரு இடம் பிடித்தவள். மகன் சின்ன வயதில் மாடு மேய்த்தவன், அந்தப் பட்டப்பெயர் சக்கரவர்த்தியான பிறகும் அவரை விடவில்லை. படையில் சேர்ந்து, மேலே வந்து, மூத்த சக்கரவர்த்தி டயோக்ளீஷியனுக்கு இளையவராகி, அவர் மகள் வலேரியாவையும் மணந்து, 298ல் பாரசீக மன்னர் நர்சேயைத் தோற்கடித்து அந்தப்புரத்தையே பிடித்துவந்தார். கட்டட வேலை அந்த வெற்றிக்குப் பிறகு ஆரம்பித்தது என்பதுதான் பொதுவான கருத்து. பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டாம்.

அப்படி ஒரு ஆள் எங்கே அரண்மனை கட்டுவார்? அந்த நிலத்தையும் அம்மாவையும் தெரிந்த ஊரில்தான். ஊருக்குத் தன் பெயரை வைக்காமல் அம்மா பெயரை வைத்தார் பாருங்கள்.

ஜனவரி 13, இரவு

"கலேரியுஸ் பிறந்தது சோஃபியா பக்கம், அதாவது இன்றைய பல்கேரியா, செர்பியர்கள் சொந்தம் கொண்டாடுகிறார்கள்" என்று காரமான ஒரு பதில்.

பழைய எழுத்தாளர்களே இதில் ஒத்துப்போகவில்லை. யூட்ரோபியஸ், சேர்திகாவுக்கு (இன்றைய சோஃபியா) வெகுதூரம் இல்லாத இடம் என்கிறார். இன்னொரு சுருக்க வரலாறு, டான்யூப் கரையோர தாசியா மாகாணத்தில் பிறந்தார், அங்கேயே புதைக்கப்பட்டார், அந்த இடத்துக்கு அம்மா பெயரால் ரோமுலியானும் என்று பெயர் வைத்தார் என்கிறது. பெயர் பொறித்த கல் கிடைத்த பிறகு இரண்டாவது கட்சியின் கை ஓங்கியிருக்கிறது. ஆனால் புதைத்த இடம் உறுதியானால் பிறந்த இடமும் உறுதி என்று ஆகாது. அந்த அளவுக்கு உங்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது.

மற்றபடி, அப்போது செர்பியாவும் இல்லை, பல்கேரியாவும் இல்லை. ஸ்லாவியர்கள் இந்தப் பக்கம் வரவே இன்னும் இருநூறு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. இரண்டு நாட்டுக்காரர்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம்.

ஜனவரி 15

குரோஷியாவின் ஸ்பிளிட் நகரத்துக்குப் போய் வந்த நண்பர் ஒருவர், "டயோக்ளீஷியன் அங்கே கடற்கரையில் அரண்மனை கட்டி, பதவியை விட்டுவிட்டுப் போய்க் கோசு பயிரிட்டார், அதே மாதிரி இதுவும் ஓய்வு வீடு" என்கிறார். பெரும்பாலான வழிகாட்டிகளும் இதைத்தான் சொல்கிறார்கள். பதவியேற்ற இருபதாம் ஆண்டைக் கொண்டாடிவிட்டு விலகுவது கலேரியுஸின் திட்டம் என்று லாக்டான்ஷியஸும் எழுதுகிறார். சரி, ஓய்வு என்பதும் ஒரு காரணம்தான்.

ஆனால் ஓய்வு வீடு என்று மட்டும் சொன்னால் அந்தக் குன்றை என்ன செய்வது? கிழக்கு வாசலில் நின்று நேரே பார்த்தால் சுமார் ஒரு கிலோமீட்டரில் மகுரா என்ற குன்று. அதன் மேல் இரண்டு சமாதிக் கட்டடங்கள், இரண்டு பெரிய மண்மேடுகள். ஒரு ஜோடி ரோமுலாவுக்கு, ஒரு ஜோடி மகனுக்கு. மேடுகள் சும்மா குவித்தவை இல்லை, சிதை மூட்டி, அரசரைத் தெய்வமாக்கும் சடங்கு நடந்த இடத்தின் மேல் எழுப்பியவை. சக்கரவர்த்தி செத்தால் தெய்வம் என்பது ரோமானிய வழக்கம். பெற்ற தாய்க்கும் அதே சடங்கை, அதே குன்றில், தனக்குப் பக்கத்தில் செய்து வைத்தார் இந்த ஆள். அந்தச் சுருக்க வரலாற்றில் இன்னொன்றும் இருக்கிறது. அலெக்சாந்தரின் தாயைப் போல என் தாயும் பாம்பு உருவத்தில் வந்த தெய்வத்தால் கருவுற்றாள் என்று கலேரியுஸ் சொல்லிக்கொள்வாராம். மாடு மேய்த்தவன் என்று கேலி செய்தவர்களுக்குப் பதில்!

மதிலுக்குள்ளேயும் அதே கணக்கு. மேற்கு வாசலுக்கும் கிழக்கு வாசலுக்கும் நடுவே கோடு போட்டால், வடக்குப் பாதி அம்மாவுக்கு, தெற்குப் பாதி மகனுக்கு என்று ஸ்ரேயோவிச் படித்தார். இது எனக்குக் கொஞ்சம் அளவுக்கு மீறி அழகாகத் தோன்றுகிறது. தானியக் களஞ்சியத்தையும் வெந்நீர்க் கூடத்தையும் மகன் பக்கம் வைத்ததற்குப் பக்தியைவிடத் தண்ணீர் வசதி காரணமாக இருக்கலாம். ஆனால் குன்றைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கே ஏறி நின்று அரண்மனையைப் பார்த்தால் முழு வளாகமும் இந்தக் குன்றை நோக்கி இருப்பது புரியும். வீடு, கோயில், சமாதி மூன்றும் சேர்ந்த ஒன்று. பயணிகள் பெரும்பாலும் மதிலை மட்டும் சுற்றிவிட்டு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். குன்றுக்கு வெயிலில் நடக்க வேண்டும் என்பதுதான் காரணம். நடங்கள்.

ஜனவரி 16

"கிறிஸ்தவர்களைக் கொன்ற ஆளைப் போய் இப்படிப் புகழ்கிறீர்களே, சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் வந்து 313ல்தானே விடுதலை கிடைத்தது."

புகழவில்லை. 303ல் தொடங்கிய துன்புறுத்தலுக்கு டயோக்ளீஷியனைத் தூண்டியதே கலேரியுஸ் என்றுதான் பழைய கிறிஸ்தவ எழுத்தாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் 313ஐத் திருத்திக்கொள்ளுங்கள். கிறிஸ்தவர்கள் தங்கள் வழிபாட்டை நடத்தலாம், கூடும் இடங்களைக் கட்டிக்கொள்ளலாம் என்று ஆணை போட்டது 311 ஏப்ரலில், போட்டது இதே கலேரியுஸ், மரணப் படுக்கையில். ஆணையின் கடைசியில் உங்கள் கடவுளிடம் எங்களுக்காகவும் பிரார்த்தனை செய்யுங்கள் என்று கேட்டிருக்கிறார். உடம்பு அழுகும் நோய், அதை லாக்டான்ஷியஸ் விவரிப்பதைச் சாப்பாட்டு நேரத்தில் படிக்க வேண்டாம். சில நாட்களில் இறந்தார். கான்ஸ்டன்டைன் பிறந்த நீஷ் இங்கிருந்து தெற்கே அதிக தூரமில்லை. இரண்டு ஆணைக்காரர்களும் ஒரே பக்கத்து ஆட்கள், பெயர் வாங்கியது ஒருவர்.

அம்மாவுக்குக் குன்றில் இடம் கிடைத்தது, மனைவி வலேரியாவுக்குக் கிடைக்கவில்லை. கணவர் போன பிறகு ஊர் ஊராக ஓடி ஒளிந்து, கடைசியில் தெசலோனிக்கியில் தன் தாயோடு தலை வெட்டப்பட்டாள்.

ஜனவரி 19

சுரங்கக் கேள்விக்கு இப்போது வருகிறேன். சக்கரவர்த்திக்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்பதும் அதிலேயே அடங்கும்.

போரிலிருந்து தெற்கே இந்தத் திமோக் பகுதி முழுக்க பழைய எரிமலைப் பாறை. டைனோசர் காலத்தின் கடைசியில் வெடித்த எரிமலைகள். செம்பும் தங்கமும் அதோடு வந்தவை. வடக்கே மய்தான்பெக் பக்கம் ருத்னா கிளாவா என்ற இடத்தில் 7,000 ஆண்டுகளுக்கு முன்பே பாறைக்குள் குழி இறக்கிச் செம்புக்கல் எடுத்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் மிகப் பழைய செம்புச் சுரங்கங்களில் அது ஒன்று. பெக் ஆற்றில் ரோமானியர்கள் தங்கம் அரித்தார்கள். கம்ஸிகிராட் பக்கத்திலேயே ஆற்றங்கரைப் பாறை ஒன்றின் மேல் வெண்கலக் காலத்துக் குடியிருப்பு இருந்திருக்கிறது. அரண்மனைக்கு அடியிலும் வெறும் மண் இல்லை, அதற்கு முந்தைய ரோமானியப் பண்ணை வீட்டின் தடயம் உண்டு. 2004க்குப் பிறகு ஜெர்மானிய ஆய்வாளர்களும் செர்பியர்களும் சேர்ந்து, தோண்டாமலே மண்ணுக்கடியில் பார்க்கும் கருவிகளை வைத்து மதிலுக்கு வெளியேயும் நிறையக் கட்டடங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கேள்வி கேட்டவருக்கு என் பதில் இதுதான்: யாரும் இல்லாத காட்டில் ஒரு பைத்தியக்கார ராஜா மாளிகை கட்டவில்லை. உழவும் உலையும் பல நூறு தலைமுறையாக நடந்த இடத்தில், அந்த வட்டாரத்துப் பையன் ஒருவன் பெரிய ஆளாகித் திரும்பி வந்து கட்டினான். சுரங்கத்துக்குக் காவல் என்ற ஊகம் கல்வெட்டுக்கு முன்னால் சரியாகத்தான் இருந்திருக்கும். சுரங்கத்தின் லாபம் அந்த வட்டாரத்துக்கு ஆட்களையும் சாலையையும் கொண்டுவந்தது என்று வைத்துக்கொண்டால் அந்த ஊகத்திலும் பாதி உயிரோடு இருக்கிறது.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. மொசைக், மதில், தெய்வமான அம்மா என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டோம். அந்தப் பண்ணையில் யார் உழுதார்கள், மதில் செங்கல்லை யார் சுட்டார்கள் என்று ஒரு வரி கிடையாது.

ஜனவரி 20

"கலேரியுஸ் போனதும் ஊர் அழிந்துவிட்டதா?"

இல்லவே இல்லை, எனக்கு அரண்மனையைவிடப் பிடித்த பகுதி இதுதான். சக்கரவர்த்தி போனதும் ஆட்கள் உள்ளே வந்து குடியேறிவிட்டார்கள். அரண்மனைக் கூடத்தைத் தேவாலயமாக மாற்றினார்கள். கிறிஸ்தவர்களை வெறுத்ததாகச் சொல்லப்பட்ட ரோமுலாவின் பெயர் கொண்ட வளாகத்துக்குள்ளேயே ஞானஸ்நானத் தொட்டி வந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் ஹூணர் காலத்து அழிவு, பிறகு ஆறாம் நூற்றாண்டில் சக்கரவர்த்தி ஜஸ்டினியன் பழுதுபார்த்த கோட்டைகளின் பட்டியலில் ரோமுலியானா என்ற பெயர் இருக்கிறது. அப்புறம் ஸ்லாவியர்கள். பதினோராம் நூற்றாண்டு வரை இந்தச் சுவர்களுக்குள் அடுப்பு எரிந்திருக்கிறது. பிறகுதான் மண் மூடியது, பெயரும் மறந்தது.

துருக்கிய ஆட்சியிலிருந்து இந்தப் பகுதி செர்பிய இளவரசாட்சியோடு சேர்ந்தது 1833ல். ஹெர்டரின் மகன் வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து என்பதைக் கவனியுங்கள். எல்லை திறந்ததும் ஆள் வந்துவிட்டார், சுரங்கம் தேடி. திமோக் வட்டாரத்தில் விளாக் மக்களும் நிறைய, வீட்டில் பேசுவது ருமேனியத்துக்கு நெருங்கிய லத்தீன் வழிப் பேச்சு. உடனே "கலேரியுஸின் வாரிசுகள்" என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். அவர்களில் பல குடும்பங்கள் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் டான்யூபைக் கடந்து வந்தவை. இந்த ஆற்றைக் கடந்து வருவது ரோமுலாவோடு நிற்கவில்லை.

ஜனவரி 24

போவதற்கு வழி கேட்டவர்களுக்கு. ஸாயெச்சாரில் தங்குங்கள், கிராமத்தில் ஆயிரம் பேர்கூட இல்லை, ஹோட்டலைத் தேடாதீர்கள். டாக்ஸி பேசிக்கொண்டு போவது நல்லது. திரும்பும் பஸ்ஸை நம்பி நான் சாலையில் நின்றேன், ஒரு கடையில் சொன்ன நேரம் தாண்டி ரொம்ப நேரமாகியும் வரவில்லை. கடைசியில் தக்காளிக் கூடைகளோடு போன ஒரு வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார், காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். பின்சீட்டில் இடமில்லாததால் ஒரு கூடையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

நேரம் இருந்தால் கம்ஸிகிராட் பாஞ்யாவுக்கும் போங்கள், ஆற்றங்கரையில் வெந்நீர் ஊற்று இருக்கிற சின்ன இடம். தண்ணீர் சுமார் 42 டிகிரி. ரோமானியர்களுக்கு வெந்நீர் என்றால் உயிர், அரண்மனைக்குப் பக்கத்தில் இது அமைந்தது தற்செயலா என்று ஒருவர் கேட்டார், எனக்கும் அதே ஆசைதான், ஆனால் ஆசையை வைத்து வரலாறு எழுத முடியாது. அதே ஆற்றில் 1909லிருந்து ஒரு சின்ன நீர்மின் நிலையமும் இருக்கிறது. செர்பியாவின் மிகப் பழையவற்றில் ஒன்று. எனக்குக் கல்லைவிட மெஷின் பிடிக்கும் என்று சொல்கிறவர்கள் அதைப் பார்க்கலாம்.

அருங்காட்சியகம் ஸாயெச்சார் நகரத்தில். இதைக் கடைசியில் வையுங்கள், முதலில் வைத்தால் இடிபாடு வெறிச்சென்று தெரியும். தியோனிசோஸ் மொசைக் அங்கேதான். 1993ல் கிடைத்த கலேரியுஸின் தலையும் அங்கே, எகிப்திலிருந்து வரும் செம்பழுப்புப் போர்ஃபிரிக் கல்லில் செதுக்கியது. பாலைவனத்தில் வெட்டி, நைல் நதியில் ஏற்றி, கடல் தாண்டி, இந்த மலைக்கு நடுவே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். கனத்த கழுத்து, விறைத்த பார்வை. மாடு விற்கப் போனால் விலையைக் குறைக்கவே மாட்டார் என்று தோன்றும்.

பிப்ரவரி 2

"இப்படி அம்மாவுக்குக் கோயில் மாதிரி கட்டுவது இவர் ஒருவர்தானா?" என்று கேட்டவருக்குத் தாமதமாகப் பதில், மன்னிக்கவும்.

இல்லை, குடும்ப வழக்கமாகிவிட்டது போலிருக்கிறது. நெகோட்டின் பக்கம், வடக்கே, ஷார்கமென் என்று இன்னொரு கிராமம். அங்கேயும் கோபுர மதில், அங்கேயும் வெளியே சமாதி. 1996ல் அந்தச் சமாதியிலிருந்து தங்க நகைகள் வந்தன, கழுத்தணி, மோதிரம், காதணி என்று ஒரு பெண்ணுக்கு உரியவை. கலேரியுஸின் அக்கா மகனோ தங்கை மகனோ, மாக்ஸிமினுஸ் டாயா என்பவர், அவரும் சக்கரவர்த்தி ஆனவர், தன் அம்மாவுக்காகக் கட்டியது என்பதுதான் ஆராய்ச்சியாளர்கள் கொள்கிற முடிவு. ஆக ரோமுலாவின் மகளுக்கும் ஒரு சமாதி. மாமனைப் பார்த்து மருமகன். ஆனால் அங்கே வேலை முடிவதற்குள் அவருடைய காலமும் முடிந்துவிட்டது, 313ல் போட்டிச் சக்கரவர்த்தி லிசினியுஸிடம் தோற்று இறந்தார்.

நான் ஷார்கமென் போனதில்லை. நெகோட்டின் வரை போகிறவர்கள், அங்கே மதில் எந்த அளவுக்கு நிற்கிறது, சாலையிலிருந்து எவ்வளவு நடக்க வேண்டும் என்று இங்கே எழுதினால் நல்லது. முகாம் கட்சிக்காரர் இன்னும் இங்கே இருந்தால், அவர் அடுத்து அதைத்தான் முகாம் என்று சொல்லப்போகிறார்.